உன் நண்டின் வளையை அடைத்துவிட்டேன்

தம்பி,

நேற்று நீ போனில் பேசி முடித்த பிறகு வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு நிவேதாவை அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றாய். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண்ணை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வருகிறாய், எந்த அம்மாவுக்கும் கால் தரையில் பாவாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. என்ன சமைக்கலாம், மாடி அறைக்குப் புது மெத்தை வாங்கலாமா என்று மனம் ஓடிக்கொண்டிருந்தபோது நீ சிரித்துக்கொண்டே, "அவளுக்கு ஒன்ன விட, நம்ம வீட்ட விட, அந்த நண்டத்தான் மொதல்ல பாக்கணுமாம்மா" என்றாய். நானும் சிரித்தேன். தம்பி, ஹாலில் நீ செய்து வைத்துவிட்டுப் போன தொட்டியில் இப்போது நடமாடுவது உன் நண்டு இல்லை.

சொல்லிவிட்டேன். இதை முதலிலேயே எழுதாவிட்டால் மழை, பயிர், உன் அப்பாவின் முழங்கால் வலி என்று நான்கு பக்கம் எழுதி, கடைசியில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று முடித்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுநடுவே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளத் தோன்றும். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போன வருஷம் ஆனி மாதம் சென்னையில் வேலை போய் நீ வீட்டுக்கு வந்தாய். கம்பெனியில் ஒரே நாளில் பலரை அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாய், அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. மாடி அறைக்குப் போனவன் கதவைச் சாத்திக்கொண்டாய். தட்டில் கொண்டுபோன சோறு பாதி அப்படியே திரும்பி வரும். கூப்பிட்டால் "ம்" என்பாய். அப்போது நான் செய்திருக்க வேண்டியது, உன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பது. நான் செய்தது என்ன? விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் உனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொன்னேன். உன் அத்தை மன்னார்குடியிலிருந்து வந்தபோது, "மீட்டிங்ல இருக்கான் அண்ணி, இப்ப கூப்புட முடியாது" என்று கூசாமல் அடித்துவிட்டேன். நீ மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அத்தை போன பிறகு இறங்கி வந்து, "நான் இப்புடி இருக்குறது ஒனக்கு அசிங்கமா இருக்காம்மா?" என்று கேட்டாய். "சீ, அதெல்லாம் இல்லப்பா. ஊரு வாய்க்கு எதுக்கு அவலு குடுக்கணும்னுதான்" என்றேன். அசிங்கமாகத்தான் இருந்தது தம்பி. அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன்னை அந்த அறையிலிருந்து இறக்கியது நானும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. புரட்டாசியில் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷினுக்கு டீசல் கொண்டுபோகச் சொல்லி அப்பா உன்னை வம்படியாக வயலுக்கு அனுப்பினார். போனவன் திரும்பி வரும்போது கையில் ஒரு வாளியோடு வந்தாய். உள்ளே ஒரு வயல் நண்டு. மெஷின் ஏறி இடப்பக்கத்துக் கொடுக்கு வேரோடு போய்விட்டிருந்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கொடுக்கு நண்டு, ரசத்துக்குக்கூட ஆவாது. தூக்கிப் போடு" என்றேன். நீ வாளியை மாடிக்கு எடுத்துப் போனாய். சாயங்காலம் நீயாகவே கீழே வந்து, "அம்மா, இதுக்குக் கொடுக்கு திரும்ப மொளைக்குமாம். தோலு உரிக்க உரிக்கக் கொஞ்சம் கொஞ்சமா வருமாம்" என்றாய். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் வேறெதுவும் கேட்காமல் பழைய பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன்.

பிறகுதான் அந்தத் தொட்டி. மீன் வளர்க்கிற கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து ஹாலில் டிவி இருந்த மேசைமேல் வைத்தாய். டிவி தரைக்கு வந்தது. பாதி தண்ணீர், பாதி தரை என்று திட்டம் சொன்னாய். வயல் நண்டுக்கு இரண்டும் வேண்டும், ஏறி உட்கார இடமில்லாமல் தண்ணீரிலேயே போட்டு வைத்தால் செத்துப்போகும் என்று விளக்கினாய். எனக்கே நண்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறாயா என்று சிரித்தேன். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை நிறுத்தி, ஒரு பக்கம் மண்ணை அப்படியே கொட்டினாய். மறுநாள் காலையில் தண்ணீர் முழுக்கக் காபி நிறத்தில் இருந்தது. மண் ஊறிக் கஞ்சியாகிச் சரிந்து கிடந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது, மறுபடியும் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாயோ என்று. நீ போகவில்லை. எல்லாவற்றையும் அள்ளிக் கொல்லையில் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாய்.

இந்தத் தடவை அடியில் உடைந்த ஓட்டுச் சில்லும் செங்கல் ஜல்லியும் பரப்பினாய். அதன்மேல் மண் கீழே இறங்காமலிருக்கக் கொசுவலைத் துணி. அதற்கும் மேல் தென்னைநார்த் தூளும் மண்ணும் கலந்து போட்டாய். நண்டு ஏறி இறங்கச் சரிவு வேண்டும் என்று குறுக்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு, தண்ணீர் ஓரத்தில் வயல் களிமண்ணால் கரை கட்டப் பார்த்தாய். அது நிற்கவே இல்லை. கம்ப்யூட்டர் தட்டிய விரல், களிமண்ணைச் சப்பாத்தி மாவு மாதிரி தடவிக்கொண்டிருந்தது. என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேருமாக ஹாலில் உட்கார்ந்து முழ நீளத்துக்கு ஒரு வரப்புப் போட்டோம். வாய்க்கால் ஓரத்திலிருந்து வல்லாரையும் ஆரைக்கீரையும் பிடுங்கி வந்து தரைப்பக்கம் நட்டாய். தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் கெண்டைக்குஞ்சுகள் விட்டாய். நண்டு ஏறி ஓடாமலிருக்க மேலே வலை அடித்த மூடி. எல்லாம் முடிந்து நண்டை உள்ளே விட்டதும் அது ஒரு மூலையில் நம் இருவரையும் முறைத்துக்கொண்டு கிடந்தது. பிறகு மெதுவாக நகர்ந்து வந்து, நாம் அவ்வளவு பாடுபட்டுப் போட்ட வரப்பிலேயே வளை தோண்ட ஆரம்பித்தது. "அட சனியனே, ஒனக்கு இந்த எடந்தான் கெடச்சுதா" என்று நான் திட்டினேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். வேலை போன பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீ ஏன் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நண்டுக்கும் இருக்கிற பகை நம் தெருவுக்கே தெரிந்ததுதானே. உன் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த வருஷங்களில் நிலத்தை நான்தான் பார்த்தேன். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில், காத்துக் கிடந்து நம் முறைக்கு வயலில் ஏற்றிய தண்ணீர், விடிந்து போய்ப் பார்த்தால் பக்கத்து வயலில் நிற்கும். வரப்பில் ஒரு நண்டு வளை போதும். ஆம்பளை இல்லாத வீடு என்று தண்ணீரைத் திருடுகிறீர்களா என்று நான் கத்துவேன். பக்கத்து வயல்காரர் நிதானமாக, "என்னய ஏன் கேக்குறீங்க, நண்டப் போயி கேளுங்க" என்பார். நானும் நண்டைத்தான் கேட்டேன். சோற்றில் மருந்து பிசைந்து வளைக்குள் வைத்தேன். ஓட்டுச் சில்லைச் செருகி, மேலே களிமண் உருண்டையை வைத்து, திரும்பத் தோண்டிக்கொண்டு வர முடியாதபடி குதிகாலால் மிதித்து அடைத்தேன். எந்த இடத்தில் ஈரம் கசிந்தாலும் வளையின் வாய் எங்கே, மறு வாய் எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை தம்பி. கசிவைக் கண்டால் கை தானாகப் போய்விடும்.

இந்த வருஷம் ஆடியில் உனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் தொட்டியின் முன்னால் வந்து குந்தினாய். அதற்குள் நண்டு பல தடவை தோல் உரித்திருந்தது. இடப்பக்கத்தில் முதலில் ஒரு மொட்டு மாதிரி வந்தது, பிறகு அரிசி அளவு, பிறகு வெளுத்துப்போய், கைக்குழந்தையின் விரல்போல ஒரு கொடுக்கு. நீ அதைக் காட்டி, "அம்மா, இது மொளைக்கிறதப் பாத்துப் பாத்துத்தான் நான் எந்திரிச்சேன்" என்றாய். அப்பா செருப்பைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றுதான் சொன்னேன். நீ எனக்குச் சொல்லிவிட்டுப் போன வேலைகள் சின்னவை. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதே, வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்று. சோற்றை அள்ளிப் போடாதே, நாலு பருக்கை போதும். வளைக்குள் போய்விட்டால் அதைத் தொந்தரவு செய்யாதே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன், அதை நீ நம்ப வேண்டும். காலையில் காபியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன். நாலு பருக்கை போட்டதும் சின்னக் கொடுக்கால் எடுக்கப் பார்த்து, முடியாமல் பெரிய கொடுக்குக்கு மாற்றிக்கொள்ளும். வலக்கை ஒடிந்து கட்டுப்போட்டவர் இடக்கையால் சாப்பிடுவாரே, அந்தத் தடுமாற்றம். வீட்டில் உன் பேச்சுக் குரல் இல்லாத குறைக்கு அதனிடம் நான் பேசினேன். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டு மாடு கன்று போட்டது எல்லாம் அதற்குத் தெரியும். உயிரோடு இருக்கிற நண்டின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

கார்த்திகையில் விடாத மழை. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது, அப்பா வடிகால் வெட்டிவிடப் போயிருந்தார். என் மனம் முழுக்க வயலில்தான். மழை நாளில் தொட்டித் தண்ணீர் அவ்வளவாக வற்றாது என்பது எனக்கு உறைக்கவில்லை, வழக்கம்போல் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். அன்று மத்தியானம் ஹாலுக்கு வந்தால் ஒரே நாற்றம். தண்ணீர் மட்டம் நண்டு வளையின் வாய்க்கு மேலே ஏறி, வளை வழியாக வரப்பைக் குடைந்துகொண்டு தரைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. தரை ஊறித் தொளதொளவென்றாகி வல்லாரை அழுகத் தொடங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரப்பின் ஓரம் கரைந்து பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான். மூடியைத் தூக்கினேன். ஓரத்துக் களிமண்ணை அள்ளினேன். கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்து வளையின் வாயில் செருகி, மண் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் இறுக்கினேன். மறு வாயையும் தேடிப்பிடித்து அதே மாதிரி அடைத்தேன். கசிவு நின்றது. எனக்கு ஒரு திருப்திகூட வந்தது தம்பி. கொல்லைக்குப் போய்க் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபோதுதான் நண்டு உள்ளே இருக்கிறது என்று உறைத்தது.

உடனே ஓடிப்போய்த் திறந்திருக்கலாமே என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். முதலில், காட்டு ஜீவன், தானே தோண்டிக்கொண்டு வந்துவிடும் என்று நினைத்தேன். தோண்ட முடியாதபடி அடைப்பதுதான் என் கைப்பழக்கம் என்பதை வசதியாக மறந்துவிட்டேன். பிறகு, இப்போது கிளறினால் கரை முழுக்க இடிந்து தண்ணீர் சேறாகிவிடும், மீன் செத்துவிடும், காலையில் பார்க்கலாம் என்று நினைத்தேன். காலையில் மண் அசைந்த அடையாளமே இல்லை. அப்போது பயம் வந்தது. பயம் வந்த பிறகு திறக்கக் கை வரவில்லை. திறந்து பார்த்து உள்ளே செத்துக் கிடந்தால், கொன்றவள் நான் என்று ஆகிவிடும். மூடியிருக்கிற வரைக்கும் அப்படி ஆகாது. இப்படிப்பட்ட புத்தி எனக்கு. நீ வீடியோ காலில் வந்து, "நண்டு எங்கம்மா?" என்றாய். "வளைக்குள்ள தூங்குதுப்பா" என்றேன். அடுத்த தடவை கேட்டபோது, "தோலு உரிக்கும்போல, வாசல மூடிக்கிச்சு" என்றேன். நீ சந்தோஷமாக, "அப்ப கொடுக்கு இன்னும் பெருசாகும். தொந்தரவு பண்ணிடாதம்மா" என்றாய். அதற்குப் பிறகு வீடியோ கால் வந்தாலே நெட் சரியில்லை என்று துண்டித்துக்கொண்டிருந்தேன். எத்தனை நாளைக்குத் துண்டிப்பது?

மன்னார்குடிக்குப் போய், உயிர் நண்டு வைத்து விற்கிற பெண்ணின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். உன் நண்டின் அளவில், அதே பழுப்பில் ஒன்று கிடைத்தது. "இது ஒண்ணு மட்டும் குடும்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒத்த நண்ட வெச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப் போறீங்க? மோந்து பாக்கவா?" என்று சிரித்தாள். சளிக்கு ரசம் வைக்க என்று அவளிடமும் ஒரு பொய் சொன்னேன். "ரசத்துக்கே நாலஞ்சு வேணுமே" என்றாள். "ஒரு ஆளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அந்த நண்டுக்கு இரண்டு கொடுக்கும் முழுசாக இருந்தன. அது வாங்கும்போதே தெரியும். வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறேன் என்பதும் பஸ்ஸில் வரும்போதே தெரியும்.

நான் எத்தனை நண்டு ஆய்ந்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டைப் பிளந்து, கொடுக்கை ஒடித்து, கால் நுனியைக் கிள்ளி, பக்கத்து வீட்டுக்காரியோடு கதை பேசிக்கொண்டே செய்கிற வேலை. அன்று கொல்லைக் குழாயடியில் அந்த நண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னைக் கவ்வியிருந்தால் அந்தக் கோபத்திலாவது செய்திருப்பேன். கவ்வவில்லை. கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டு கிடந்தது. இடப்பக்கத்துக் கொடுக்கை ஒடித்தேன். சமைப்பதற்காக இல்லை, யாருடைய பசிக்காகவும் இல்லை, நீ பார்க்கும்போது நான் சொன்ன பொய் உண்மை மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக ஒடித்தேன். ஒடித்த கொடுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் வாழைமரத்தடியில் புதைத்தேன்.

அதைத் தொட்டியில் விட்டு நானே உனக்கு வீடியோ கால் போட்டேன். தோல் உரித்துவிட்டது, ஆனால் முளைத்த சின்னக் கொடுக்கு அப்போது விழுந்துவிட்டது என்று சொன்னேன். நீ போனை அருகில் கொண்டுபோகச் சொன்னாய். பார்த்தாய். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன், நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுகூட ஒரு மூலையில் ஆசை. நீயோ என் குரலைக் கேட்டுப் பதறிப்போய், "நீ எதுக்கும்மா அழுவுற? நீ என்ன பண்ணுவ பாவம். ஒரு தடவ வந்துச்சுல்ல, இன்னொரு தடவ வரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன். "சரிப்பா" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இத்தனையிலும் என்னால் ஜீரணிக்க முடியாதது அதுதான். வளையை அடைத்தது கைத்தவறு. கொடுக்கை ஒடித்தது பயம். ஏமாந்தவன் வாயாலேயே ஆறுதல் கேட்டு வாங்கிக்கொண்டேனே, அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை.

அந்தப் புது நண்டு என் நிழல் விழுந்தாலே ஓடி ஒளிகிறது. உன் அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "இது தம்பி நண்டு இல்லையே" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "அது ஆளப் பாத்தா மேல வரும். இது ஓடுது" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "புள்ளகிட்ட சொல்லிடு. ஒண்ணக் காப்பாத்த இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு போயிக்கிட்டே இருக்கும்" என்றார். "நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். "நான் எதுக்குச் சொல்லணும்? அவன் ஒன்னத்தான நம்பி விட்டுட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை, ஆனால் நீ போன் செய்யும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறார்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பிள்ளைக்கு அம்மா நாலு நல்ல வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வேலை போனது, அறையில் கிடந்தது, அழுதது எல்லாவற்றையும் நிவேதாவிடம் சொல்லிவிட்டேன் என்று நீ ஒரு தடவை சொன்னாய். நான் பதறிப்போய், "அதெல்லாம் இப்பவே எதுக்குப்பா சொன்ன?" என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியாம நான் எப்படிம்மா அவகூட இருக்குறது?" என்றாய். அப்போது உன்னை விவரம் இல்லாதவன் என்று நினைத்தேன். விவரம் இல்லாதது எனக்குத்தான். நிவேதா என்றைக்காவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால், ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று நீயே சொல்லி மூடிவிடாதே. என்னவென்று கேள், கேட்டுவிட்டு அவள் சொல்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. நான் உன்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அந்த அறையில் என்னடா நினைத்துக்கொண்டு கிடந்தாய் என்று இன்றுவரை கேட்கவில்லை. நீ ஏதாவது சொல்லிவிடுவாயோ என்று பயம். சோற்றை வைத்துவிட்டு, நானே கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இந்தப் பழக்கத்தை மட்டும் என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டு போகாதே.

இன்று காலையில், என்ன ஆனாலும் சரி, தோண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா வயலுக்குப் போனதும் புது நண்டை எடுத்து வாளியில் விட்டுவிட்டு, அடைத்த இடத்தில் விரலை வைத்தேன். களிமண் ஈரமாகத்தான் இருந்தது. வயல் நண்டு கோடையில் தண்ணீர் வற்றியதும் தானே வளையை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும். ஆற்றில் தண்ணீர் திறந்து வாய்க்காலுக்கு வந்ததும், எதுவுமே நடக்காத மாதிரி வெளியே வரும். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்படியானால் உன் நண்டும் உள்ளே உயிரோடு இருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் மனம் துள்ளியது. உயிரோடு இருந்தால் புது நண்டை வாய்க்காலில் விட்டுவிடலாம். பழையதை வெளியே எடுத்து விட்டு, பார், கொடுக்கு எவ்வளவு சீக்கிரம் திரும்ப முளைத்துவிட்டது என்று உனக்கே காட்டலாம். நிவேதாவுக்கும் காட்டலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். விரலை மண்ணில் வைத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இத்தனையும் யோசித்துவிட்டேன். நண்டு பிழைத்திருக்கும் என்று நான் சந்தோஷப்படவில்லை தம்பி, நான் பிழைத்துக்கொண்டேன் என்றுதான் சந்தோஷப்பட்டேன். அது புரிந்ததும் விரலை எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே அழுவேன், நீயும் பழையபடி ஆறுதல் சொல்வாய். வாட்ஸப்பில் அனுப்பினால் நீ பார்ப்பதற்குள் அழித்துவிடலாம், அதை எப்படிச் செய்வது என்று நீதான் கற்றுக்கொடுத்தாய். தபால் பெட்டியில் போட்டதை என்னால் திரும்ப எடுக்க முடியாது. இதை நிவேதாவிடமும் படிக்கக் கொடு. அவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வரப்போகிற வீட்டில் எப்படிப்பட்டவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டே வரட்டும். வந்த பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

அது அங்கே உள்ளே கிடக்க, நான் இங்கே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். போதும், நிறுத்துகிறேன். கடைத்தெருவுக்குப் போய் இதைப் பெட்டியில் போட்டுவிட்டு, நேராக வந்து தோண்டப் போகிறேன். முதலில் தோண்டினால், அது உயிரோடு இருக்கிற பட்சத்தில் இந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். இனி அது உயிரோடு வெளியே வந்தாலும், நான் செய்தது உனக்குத் தெரிந்திருக்கும்.

உன் அம்மா